முதல் ஐவரில் ஒரு ‘அவன்’

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு முதல் ஐவர் பட்டியல் வந்தபோது, பெலாஜியா மச்சாது முப்பது டன் சரக்குப் பெட்டி ஒன்றை அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தாள். பெட்டி இருந்தது தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவில். பெலாஜியா இருந்தது அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, குளிரூட்டிய அறை ஒன்றில். 2071இல் கிரேன் ஓட்டுகிறவர்கள் யாரும் கிரேனில் ஏறுவதில்லை. திரையின் மூலையில் பட்டியல் மின்னியது. அவள் பெட்டியைப் பூப்போல இறக்கி வைத்தாள். அதற்குப் பிறகுதான் படித்தாள். வேலையில் அவள் அப்படி. மற்ற நேரமெல்லாம் மூக்கின் மேல் கோபம்.

“இந்தப் பட்டியலக் கொண்டுபோய்க் கடல்ல போடணும்” என்றாள்.

பக்கத்து இருக்கையில் மூன்றாம் எண் கிரேனை ஓட்டிக்கொண்டிருந்தவன் பேச்சிமுத்து. பெயரில் மட்டும்தான் அவனுக்குப் பேச்சு. “கஸ்பார் இல்லையாக்கா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

“இல்ல. இதோட மூணு வாரம்.”

தூத்துக்குடி திருக்கை கூடைப்பந்து அணிக்கு பெலாஜியா இருபத்திரண்டு வருட ரசிகை. கல்யாணத்துக்கு லீவு போடாதவள் அரையிறுதிக்கு லீவு போட்டிருக்கிறாள். ஐந்து பெயரைக் கொடுத்தால் ஆட்டம் எப்படிப் போகும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கும்.

“சென்டர் ஹர்தீப். சரி. ஏழடி ஆளு. வளையத்துக்குக் கீழ நின்னாருன்னா மழைகூட உள்ள வராது. ஓடத்தான் கொஞ்சம் யோசிப்பாரு. லால்டிங்கா, எங்கிருந்து போட்டாலும் உள்ள விழும், அன்னைக்கு அவரு மனசு நல்லா இருக்கணும், அவ்வளவுதான். ரமணப்பா தடுக்கதுல செவரு. பந்தக் கையில குடுத்தாலும் செவருதான், என்ன செய்ய. தேபாஷிஷ் பாவம் நல்ல உழைப்பாளி. எல்லாப் பந்துக்கும் பாயுவாரு. பாதிப் பந்து எதிராளிக்குப் போயிரும். நாலு பேரு சரி. அஞ்சாவது ஆளு, பந்தக் கொண்டுபோற கார்டு, யாருன்னு கேளு.”

“டாக்டரா?”

“டாக்டரு.”

டாக்டர் நவநீதனுக்கு வயது முப்பத்தாறு. நாமக்கல்காரர். வாரத்தில் மூன்று நாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருத்துவமனை, மற்ற நாள் கூடைப்பந்து. ஏழு வருடமாக அணியில் இருக்கிறார். மூன்று வாரம் முன்பு வரை பெஞ்சில்தான் இருந்தார். நான்கு வயதுக் குழந்தையிடம்கூட, “எங்க வலிக்குதுங்க கண்ணு?” என்றுதான் கேட்பார். பெலாஜியாவின் சர்க்கரை அளவைப் பார்த்து, “இனிப்பைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமுங்களாம்மா?” என்று அவர் கேட்ட கேள்விக்கு, நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அவள் எதிர்த்துப் பேசாமல் தலையாட்டினாள்.

“நல்ல மனுசன் அவரு” என்றாள் பெலாஜியா. “ஆனா ஒரு பந்த அந்தக் கோடியிலருந்து இந்தக் கோடிக்குக் கொண்டாரதுக்குள்ள கப்பல் கொழும்பு போயிரும். நம்ம கஸ்பார் இருக்கானே, அந்த மூதி, கண்ண மூடிட்டுப் பாஸ் குடுத்தாக்கூட ஆளு கையில போய் உக்காரும். அவனப் போயி வெளிய உக்கார வச்சிருக்கே அந்த மிஷினு.”

அந்த மிஷினுக்குப் பெயர் உரைகல். பழைய காலத்தில் முதல் ஐவரைப் பயிற்சியாளர் தேர்ந்தெடுத்தார். பயிற்சியாளரை முதலாளி தேர்ந்தெடுத்தார். முதலாளியின் மைத்துனன் மகன் எந்த அணியில் இருந்தாலும் முதல் ஐவரில் இருந்தான். பொறுத்துப் பார்த்த ரசிகர்கள் போன வருடம் கொடி பிடித்துத் தெருவில் இறங்கினார்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்க்கிற பத்தாயிரம் பேருக்குத் தெரியாததா ஒரு பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும் என்று கேட்டார்கள். லீக் இறங்கி வந்தது. விருப்பப்பட்ட ரசிகர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பொத்தான் கொடுத்தார்கள். அணியைப் பற்றி அவர்கள் பேசுகிற பேச்சை மட்டும் அது கேட்கும். பத்தாயிரம் பேர் பேச்சையும் உரசிப் பார்த்து, யார் மேல் நம்பிக்கை அதிகமோ அந்த ஐந்து பேரை உரைகல் சொல்லும். முதல் பத்து நிமிடம் அந்த ஐந்து பேர்தான் ஆட வேண்டும். பயிற்சியாளர் கை வைக்கக் கூடாது. தூத்துக்குடி ஊர்வலத்தில் முதல் கொடி பெலாஜியா கையில்தான் இருந்தது.

அதோடு இன்னொரு விதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. தொடர்ந்து நான்கு ஆட்டம் முதல் ஐவரில் இல்லாதவன் மாற்றுப் பட்டியலுக்குப் போவான். எந்த ஊர் அணி வேண்டுமானாலும் அவனை எடுத்துக்கொள்ளலாம். திருக்கை அணியிலிருந்து எட்வின் அப்படித்தான் நாக்பூருக்குப் போனான். சுயம்பு விஜயவாடாவுக்குப் போனான். உள்ளூர்ப் பையன்களில் மிச்சம் இருந்தது திரேஸ்புரத்துக் கஸ்பார் ஒருவன்தான்.

“இந்த வாரமும் சேத்து மூணு” என்றான் பேச்சிமுத்து, விரலை மடக்கி. “அடுத்த வாரமும் இல்லன்னா போயிருவான்.”

கஸ்பார் பதினாறு வயதில் முதல்முதலாகக் களத்தில் இறங்கிய நாளிலிருந்து பெலாஜியா அவனை ஏசிக்கொண்டு வருகிறாள். இனி யாரை ஏசுவது?

மறுநாள் ஆட்டம் அவள் சொன்னபடியே போனது. முதல் பத்து நிமிடத்தில் டாக்டர் பந்தை மரியாதையாகக் கொண்டுவந்தார், மரியாதையாக இழந்தார். ஆறுக்கு இருபத்திநாலு. திருக்கை ரசிகர்கள் உட்காரும் கிழக்கு வரிசையில், “பரவாயில்ல டாக்டரே”, “களைச்சிட்டாரு பாவம்” என்று ஆறுதலாகச் சில குரல்கள் எழுந்தன. பதினோராவது நிமிடம் கஸ்பார் உள்ளே வந்தான். கிழக்கு வரிசை எழுந்து நின்றது.

“ஏ எருமை, ஒறக்கத்துலயா வந்த, எடது பக்கம் லால்டிங்கா நிக்காரு பாருலே” என்று பெலாஜியா கத்தினாள். கஸ்பார் பார்க்கவில்லை. பார்க்காமலே இடது பக்கம் பந்தை அனுப்பினான். லால்டிங்கா போட்டார், விழுந்தது. இப்படியே மூவாயிரம் பேர் அவனை ஏச, அவன் ஒவ்வொரு ஏச்சையும் காதில் வாங்கி ஒவ்வொரு பாஸாக மாற்ற, கடைசி இரண்டு நொடியில் எழுபத்தொன்று எழுபத்திரண்டு என்று வந்து நின்றது. கஸ்பாருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் வளையத்தில் போட இரண்டு வாய்ப்பு. இரண்டையும் தவறவிட்டான். அதன் பிறகு கிழக்கு வரிசையில் அவனுக்குக் கிடைத்த வசவுகளை எழுதினால் காகிதம் தாங்காது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் பெலாஜியா, பேச்சிமுத்துவையும் இழுத்துக்கொண்டு, விளையாட்டரங்கின் அடியில் இருந்த உரைகல் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சந்தானகிருஷ்ணன் என்ற சென்னைக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். இந்த ஊரில் அவரைத் தேடி யாரும் வந்ததில்லை போலும். எழுந்து நாற்காலி போட்டார்.

“ஒங்க மிஷினுக்குக் காது கேக்கலையா?” என்றாள் பெலாஜியா. “நாங்க அத்தன பேரும் கஸ்பார் கஸ்பார்னு உயிர விடுதோம். அது டாக்டரச் சொல்லுது.”

“உங்க பேச்சை நீங்களே கேக்க அனுமதி உண்டும்மா. பாக்கலாமா?” பொத்தான் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகப் போனது. “இந்த சீசன்ல கஸ்பார் பத்தி நீங்க ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு வாக்கியம் பேசியிருக்கீங்க. படிக்கவா?”

“படிங்க.”

அவர் செய்தி வாசிப்பது போல வாசித்தார். “‘நாசமாப் போறவன், பந்த எங்க போடுதான் பாரு.’ ‘அவன் கையில கட்ட மொளைக்க.’ ‘அவன் மூஞ்சியில என் கிரேன ஏத்த.’ ‘சவத்து மூதி, அவன் ஃப்ரீ த்ரோ போடுதத விட என் வீட்டுப் பூன நல்லாப் போடும்.’ இப்படியே ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. இப்ப டாக்டர். மொத்தம் அம்பத்திமூணு வாக்கியம். ‘நல்ல மனுசன் அவரு.’ ‘பாவம், களைச்சிட்டாரு.’ ‘அவரு என்ன செய்வாரு.’” நிமிர்ந்தார். “நீங்க மட்டும் இல்லம்மா. ஊரே இப்படித்தான் பேசியிருக்கு.”

“அதுக்கு?”

“உரைகல்லுக்குத் தமிழ் சொல்லிக்குடுத்தப்ப செய்தி, மேடைப் பேச்சு, அரசாங்கக் கடிதம் எல்லாம் வச்சுத்தான் சொல்லிக்குடுத்தோம். அங்கெல்லாம் ‘அவர்’னா மதிப்பு, ‘அவன்’னா மதிப்பில்ல. அதைத்தான் அது படிச்சிருக்கு.”

பட்டியலில் ஏன் எல்லாரும் வெளியூர்க்காரர்கள் என்பது அப்போதுதான் பெலாஜியாவுக்கு உறைத்தது. பழகாதவர்களை ஊர் ‘அவரு’ என்றது. பெற்ற பிள்ளை போல் வளர்த்தவர்களை ‘அவன்’ என்றது. எட்வினை ஏசியது நினைவுக்கு வந்தது. சுயம்புவை ஏசியதும் வந்தது. நாக்பூருக்கும் விஜயவாடாவுக்கும் அவர்களை வண்டியேற்றிவிட்டது தன் வாய்தான்.

“மத்த ஊர்லல்லாம் இந்தக் கூத்து இல்லையா?” என்று பேச்சிமுத்து கேட்டான்.

“சென்னையில எல்லாரையும் திட்டுவாங்க, அதனால சமமாயிடுது. கோயம்புத்தூர்ல எல்லாரையும் ‘ங்க’ போட்டுப் பேசுவாங்க, அங்கயும் சமம். தன் பிள்ளையை மட்டும் பாத்துப் பாத்துத் திட்டுறது உங்க ஊருதான்.”

“அதுல இருக்க பாசம் மிஷினுக்குத் தெரியாதா?” என்றாள் பெலாஜியா.

“கஸ்பாரைத் திட்டும்போது உங்களுக்கு நிஜமாவே கோபம்தானே?”

“பின்ன? ஃப்ரீ த்ரோவ விட்டுட்டு நிக்கான், கொஞ்சவா செய்வாவ?”

“கோபம் நிஜமா நடிப்பான்னு அதுக்குத் தெரியும். கோபத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாதும்மா.” சந்தானகிருஷ்ணன் முறுக்குத் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார். “நான் இன்னைக்கே எழுதிப் போடுறேன். அடுத்த சீசனுக்குத் திருத்திடுவாங்க. சீசன் நடுவுல யாரும் தொடக் கூடாதுன்னு சீல் வச்சிருக்கு. முதலாளிங்க கை வச்சிடுவாங்கன்னு ரசிகர்கள்தான் அப்படி விதி கேட்டாங்களாம்.”

அந்த விதியைக் கேட்டவளும் பெலாஜியாதான். ஊர்வலத்தில் மூன்றாவது கோரிக்கை அது. அவள் ஒரு முறுக்கை எடுத்துக் கோபமாகக் கடித்தாள்.

அன்று சாயங்காலமே கிழக்கு வரிசை கூடி முடிவெடுத்தது. சனிக்கிழமை நாலு மணி வரை கஸ்பாரை ‘அவர்’ என்றே சொல்ல வேண்டும். டாக்டரை ‘அவன்’ என்று சொல்லி நன்றாக ஏச வேண்டும். சொல்லிவிட்டார்களே தவிர, வாய் வர வேண்டுமே.

“கஸ்பார் அவர்கள் நேற்று மிகவும் சிறப்பாக…” என்று தொடங்கிய பெலாஜியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரை ஏசும் பொறுப்பு பேச்சிமுத்துவுக்கு வந்தது.

“டாக்டரு ஒரு…” என்றான். “ஒரு…”

“சொல்லுலே.”

“ஒரு அப்பாவி” என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. போன மாதம்தான் அவன் மனைவிக்கு டெங்கு வந்து, டாக்டர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தார்.

புதன்கிழமை பெலாஜியா மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எதிரே கஸ்பார் வந்தான். முப்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு, எப்போதும் எதையோ தவறவிட்டவன் போல ஒரு நடை. சட்டையில் பொத்தான் இருப்பது பெலாஜியாவுக்கு நினைவு வந்தது.

“வாங்க கஸ்பார். நல்லா இருக்கியளா?” என்றாள்.

அவன் நின்றுவிட்டான். முகம் விழுந்துபோயிற்று. “என்னக்கா, நான் என்ன செஞ்சேன்?” என்றான். “நேத்து டீக்கடையில எந்திரிச்சு எடம் குடுக்காவ. முடிவெட்டுத கடையில ‘சார்’ங்காவ. எங்க அம்மா அடக்கத்துக்குக்கூட என்ட்ட யாரும் இப்படிப் பேசல. ரெண்டு ஃப்ரீ த்ரோவுக்காக என்னயத் தலமுழுகிட்டியளா?”

பெலாஜியா பொத்தானைக் கழற்றி மீன் பைக்குள் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் கஸ்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

“அப்ப நீங்க எல்லாரும் சேந்துதான் என்னய ஊர விட்டு அனுப்புதிய” என்றான். “பாசத்துல.”

அந்த ஒரு வார்த்தை பெலாஜியாவைக் குத்தியது. வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது அழுதாள். பொத்தானில் அன்று முழுக்கச் சீலா மீன் வாடை அடித்தது.

வெள்ளிக்கிழமை சந்தானகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். “இந்த வாரம் கஸ்பாருக்கு வந்த ‘அவர்’ல நூத்துக்குத் தொண்ணூறு நடிப்புன்னு தள்ளிடுச்சும்மா. டாக்டரைத் திட்டினது மொத்தமுமே நடிப்பாம். ஒருத்தர் ‘அப்பாவி’ன்னு சொன்னதை மட்டும் எடுத்துக்கிட்டு, டாக்டருக்கு அரை மார்க் கூட்டியிருக்கு.”

“இன்னும் எவ்வளவு வித்தியாசம்?”

“நாலரை.”

கஸ்பார் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டான் என்று அன்று மாலை தெரிந்தது. புவனேஸ்வரம் அணி அவனைக் கேட்டிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பயிற்சி ஆட்டம். அணியை இரண்டாகப் பிரித்து ஆடுவார்கள். ரசிகர்கள் இலவசமாகப் பார்க்கலாம். வழக்கமாக நூறு பேர் வருவார்கள். அன்று கஸ்பாரைக் கடைசியாகப் பார்க்கலாம் என்று கிழக்கு வரிசை முழுவதும் வந்திருந்தது. டாக்டர் ஒரு பக்கம், கஸ்பாரும் ஹர்தீப்பும் எதிர்ப் பக்கம். யாருக்கும் ஏசவும் மனசில்லை, புகழவும் மனசில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி நிமிடத்தில் ஆட்டம் சமமாக இருந்தது. அப்போது யாரும் எதிர்பாராத காரியம் நடந்தது. கஸ்பார் கையிலிருந்த பந்தை டாக்டர் தட்டிப் பறித்தார். எப்படிப் பறித்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. முன்னால் ஒருவரும் இல்லை. வெறும் களம், வெறும் வளையம். ஏழு வருடத்தில் அவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்ததே கிடையாது. பெலாஜியா தன்னை மறந்து எழுந்தாள். அவளைத் தொடர்ந்து எல்லாரும் எழுந்தார்கள். டாக்டர் ஓடினார். வளையத்துக்கு நாலடி இருக்கும்போது பின்னால் தடாலென்று சத்தம். ஹர்தீப் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார்.

டாக்டர் நின்றார். வளையத்தைப் பார்த்தார், ஹர்தீப்பைப் பார்த்தார். பந்தை அலுங்காமல் தரையில் வைத்தார். வைத்துவிட்டு, ஹர்தீப்பை நோக்கி நடந்தார்.

“ஏலே” என்று பெலாஜியாவின் அடிவயிற்றிலிருந்து வந்தது. “ஏலே டாக்டரு, ஒனக்குக் கோட்டியாலே பிடிச்சிருக்கு? மொதல்ல பந்தப் போட்டுட்டுப் போலே மூதி. அவன் காலு எங்க ஓடிரப் போவுது?”

அதற்காகவே காத்திருந்தது போல ஊர் மொத்தமும் பிடித்துக்கொண்டது. கூறுகெட்டவன் என்றார்கள். வச்சுட்டுப் போறான் பாரு, கோயில்ல தேங்கா வைக்கது மாதிரி என்றார்கள். பேச்சிமுத்து பெஞ்சின் மேல் ஏறி நின்று, தன் வாழ்நாளிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினான்: “இவன நம்பி என் பொண்டாட்டிய விட்டேன், ஆனா ஒரு பந்த நம்பி விட முடியலையே படுபாவி.” அந்தச் சந்தடியில் கஸ்பார் பந்தை எடுத்துக்கொண்டு போய் எதிர் வளையத்தில் போட்டுவிட்டான். ஆட்டம் முடிந்தது.

டாக்டர் ஹர்தீப்பின் முழங்கால் அருகே குந்தியிருந்தார். கிழக்கு வரிசையை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்த பெலாஜியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவமானப்பட்ட முகமாக அது தெரியவில்லை. பரிசு வாங்கியவர் முகம் போல இருந்தது.

நாலு மணிக்குப் பட்டியல் வந்தது. ஹர்தீப், லால்டிங்கா, ரமணப்பா, தேபாஷிஷ், கஸ்பார். பெலாஜியா இரண்டு தடவை படித்தாள். ஒரே காலையில் டாக்டர் ஆறு மார்க் இறங்கியிருந்தார். சீசனில் இனி நாலே ஆட்டம். நாளைக்குக் கஸ்பார் ஆடினால் மிச்சம் மூன்று. தொடர்ந்து நாலு ஆட்டம் வெளியே இருக்க இனி வழியே இல்லை. அவள் திரைக்கு முத்தம் கொடுத்தாள். பேச்சிமுத்து வேறு பக்கம் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை திருக்கை அணி பதினோரு புள்ளியில் வென்றது. கஸ்பார் பதினாறு கூடைக்குப் பாஸ் கொடுத்தான், நாலு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டான். இரண்டுக்கும் உரிய ஏச்சைக் குறைவில்லாமல் வாங்கிக்கொண்டு களம் முழுக்கத் துள்ளித் திரிந்தான். மூன்றாவது பகுதியில் டாக்டர் இறங்கியபோது, “வாலே டாக்டரு, இன்னைக்காவது பந்தக் கீழ வச்சிராத” என்று ஒரு குரல் வர, அரங்கம் அதிர்ந்தது. டாக்டர் சிரித்துக்கொண்டே ஓடினார். ஓட்டத்தில் முன்பிருந்த தயக்கம் இல்லை. ஒரு பந்தைக்கூடப் போட்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு பெலாஜியா வாசலில் டாக்டரைப் பார்த்தாள். ஒரு வேனுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். உள்ளே பெரியவர்களும் சின்னவர்களுமாகப் பத்துப் பதினோரு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“ஊர்லேருந்து வந்தாங்கம்மா” என்றார் டாக்டர். “முதல் ஐவர்ல ஆடறேன்னு மூணு வாரமாச் சொல்லிட்டிருந்தேனுங்க. பாக்கணும்னு வேன் புடிச்சு வந்துட்டாங்க.”

பெலாஜியாவுக்குச் சுருக்கென்றது. “நேத்து நான் கொஞ்சம் கூடப் பேசிட்டேன்” என்றாள். “வாயில வந்துட்டு. ஒங்க எடமும் போச்சு. ஆமா, ஹர்தீப் நேத்து முட்டி போச்சுன்னு கெடந்தாரு, இன்னைக்கு அந்தக் குதி குதிக்காரே. என்ன மருந்து குடுத்திய?”

டாக்டர் தரையைப் பார்த்தார். “அவரு முட்டியில ஒண்ணுமே இல்லீங்கம்மா.”

“என்னது?”

“வெள்ளிக்கிழமை ராத்திரி கஸ்பார் என்னைப் பாக்க வந்தாருங்க, சொல்லிட்டுப் போக. சிரிச்சுக்கிட்டேதான் எல்லாம் சொன்னாரு. அதத்தான் என்னால தாங்க முடியலீங்க. மிஷின் நடிப்பைக் கண்டுபுடிச்சுருதுன்னாரு. அப்பறம் யோசிச்சேன். அது கேக்கறது உங்க வாயைத்தானுங்களே, எங்க காலை இல்லீங்களே. ஹர்தீப்கிட்ட, நாளைக்கு நான் பந்தோட ஓடறப்போ கொஞ்சம் விழுந்து குடுங்கன்னு கேட்டுக்கிட்டேன். பந்தை எங்கிட்ட விட்டது கஸ்பாருங்க. அவருகிட்ட நானெல்லாம் பறிக்க முடியுங்களா?”

பெலாஜியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ்வளவுக்கும் நாங்க ஏசாம விட்டிருந்தா?”

“அந்தப் பயம் இருந்துதுங்க.” டாக்டரின் குரல் தாழ்ந்தது. “ஏழு வருசமாச்சுங்க இந்த ஊருக்கு வந்து. கஸ்பாரை, எட்வினை எல்லாம் நீங்க திட்டறதைப் பெஞ்சுல உக்காந்து கேட்டுட்டே இருப்பேன். நமக்கு ஒரு வார்த்தை வராதான்னு இருக்குமுங்க. பந்தைக் கீழ வெச்சுட்டு நடந்தப்போ, முதுகு பூரா காதா இருந்துச்சு. அப்பத்தான் உங்க சத்தம் வந்துச்சு.” வேன் பக்கம் பார்த்தார். “இன்னைக்கு என்ற ஊட்டுக்காரி, ‘என்னங்க இது, உங்களை லே லேங்கறாங்க, அப்படின்னா என்னங்க’ன்னு கேட்டா. பதவி உயர்வுன்னு சொல்லியிருக்கேன்.”

வேன்காரர் ஒலி எழுப்பினார். டாக்டர் போகத் திரும்பினார். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று பெலாஜியாவுக்குத் தோன்றியது. டாக்டர் சார், நீங்க செஞ்சதுக்கு இந்த ஊரு என்ன கைம்மாறு செய்யும் என்று மேடையில் சொல்வது போல நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வாயெடுத்தாள். அந்த ‘நீங்க’ தொண்டையைத் தாண்டி வர மறுத்தது. கண் கலங்கிப் போய், கோபமும் வந்துவிட்டது.

“ஏ கோட்டிப்பயலே” என்றாள். “ஆட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரமாச்சு. எல்லாரையும் வேன்ல ஏத்துனியே, நீ சாப்புட்டியாலே?”

“இல்லக்கா” என்றான் நவநீதன்.